முதலில் மணி

களியக்காவிளை தாண்டி இஞ்சிவிளை முக்கில்
லாட்டரிச் சீட்டு விற்கிறவள் நான்.
எல்லைக்கு அந்தப்புறம் விற்றால் குற்றம்,
இந்தப்புறம் விற்றால் பாக்கியம்.
மூன்று மணிக்குக் குலுக்கல்.
காத்திருக்கிறவர்களின் முகம் எனக்கு மனப்பாடம்.

ஆனால் இப்படி ஒரு காத்திருப்பைக் கண்டதில்லை.
பதினொரு வருடம் வராதே வராதே என்று
மெழுகுதிரி கொளுத்தின தீனத்தை
வா என்று கூப்பிட்டுக்கொண்டு
திருவனந்தபுரத்தில், ஆறாம் மாடியில்.

மாத்திரையைப் பாதியாக்கினார்கள், பிறகு கால்.
வில்பிரட்டின் தலையில் பசை வைத்து
இருபத்துச்சொச்சம் வயர் ஒட்டினார்கள்.
டைல்ஸ் போடுகிறவர் அவர்.
"பசை கூடிப்போச்சு தம்பி, நிக்காது" என்று
ஒட்டுகிற பையனிடம் குறை சொன்னார்.

காலை ஒன்பதரைக்கு ஈயப் பெட்டியில் ஊசி வரும்.
கைக்குழாயின் வாயில் பொருத்திவிட்டு
சிஸ்டர் ஜிஷா ஸ்டூல் போட்டு உட்காருவார்.
மூணரைக்குள் அதன் வீரியம் தேய்ந்து
திருப்பிக் கொண்டுபோவார்கள்.
திங்கள் போனது. செவ்வாய் போனது.
விலை கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.
வராத நாளெல்லாம் அவர் வெட்கப்பட்டார்,
விருந்துக்குக் கூப்பிட்டுவிட்டு
அரிசி களையாதவரைப் போல.

ஜிஷா சொன்னது இவ்வளவுதான்:
வலிப்பு தொடங்குகிற இடத்துக்கு
ரத்தம் ஓடிவந்து கூடும்.
அந்த நேரம் மருந்து ஏறினால்
கூடவே ஓடி, போன இடத்திலேயே ஒட்டிக்கொள்ளும்.
படம் பிறகு சாவகாசமாய் எடுக்கலாம்.
பிந்தினால்
தீ பரவின வீடுகள்தான் தெரியும்,
தீக்குச்சி உரசின வீடு தெரியாது.
"அதுகொண்டு சேச்சி, பிடிக்கண்டா. ஆத்யம் பெல்."
முதலில் மணி. பிறகு மனுஷன்.

புதன், இரண்டே முக்கால்.
பாதி வார்த்தையில் நின்றார்.
என் இரண்டு கையும் பழக்கத்தில்
அவர் தலைக்கடியில் போய்விட்டன.
மணி தலையணைக்கு அந்தப்புறம்
தொங்கிக்கொண்டிருந்தது.
நாற்பத்தாறு நொடி என்று எழுதிக்கொண்டார்கள்.
படத்தில் பாதி மண்டைக்கு மேல் சிவப்பு,
ஓணத்துக்கு விளக்குப் போட்ட நகரம் மாதிரி.
டாக்டர் திட்டவில்லை.
திட்டியிருக்கலாம்.

ராத்திரி கட்டிலோரம் பாயில் கிடந்து யோசித்தேன்.
பேச்சு நிற்கிறதே, அதற்கும் முன்னால் என்ன?
இடது பெருவிரல்
இல்லாத ஒரு பொத்தானைத் தேடும்.
யாரும் கேட்டதில்லை. நானும்
சொல்லத்தக்க விஷயமென்று நினைத்ததில்லை.

வெள்ளி. இனி திங்கள்தான் ஊசி.
பதினொன்று இருபதுக்கு
ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்த விரல்
ஆரஞ்சை விட்டுச் சட்டைக்கு ஏறியது.
அழுத்தினேன்.
சத்தம் அடங்குமுன் ஜிஷா மருந்தை ஏற்றிவிட்டார்.
கண்ணாடிக்கு அந்தப்புறம் வயர்ப் பையன்
ஒன்றும் காணலியே என்றான்,
பிறகு கண்டான்.
ஒன்பது நொடி.
குறுக்கே நின்றால் கேமரா மறையும் என்று
ஒன்றரை நிமிடம் சுவரோடு ஒட்டி நின்றேன்,
யாரோ ஒருத்தியின் கணவரைப் பார்க்கிற மாதிரி.
வாய்க்கோடியில் நுரை இறங்கியது.
துடைக்கவில்லை.

மத்தியானம் எந்திரத்துக்குள் அவர் உறங்கினார்.
அது பிடித்தது மத்தியானத்தை அல்ல,
பதினொன்று இருபதை.
சும்மா இருந்த நாளின் படத்தை
அதிலிருந்து கழித்தார்கள். மிச்சம்,
காதுக்கு முன்னால், உள்ளே,
பட்டாணி அளவு சிவப்பு.
வலது பக்கமா என்றேன்.
இடது, படத்தில் மாறித்தான் விழும் என்றார்கள்.
இவ்வளவு சின்னதா.
இதற்கா கிணற்றுக்கு இரும்பு மூடி போட்டேன்,
ஏணியை விற்றேன்,
குளத்துக்குப் போன ஒவ்வொரு நாளும் சண்டை போட்டேன்.

ஆபரேஷனா இல்லையா என்று
அடுத்த மாதம் கூடிப் பேசுவார்களாம்.

பஸ் பாலராமபுரம் தாண்டும்போது கேட்டார்:
"வெள்ளிக்கெழம வந்தப்பம் நீ பிடிச்சியா?"
"மணி அடிச்சேன்."
கொஞ்ச நேரம் வெளியே பார்த்தார்.
பிறகு அவர் பெருவிரல் நெஞ்சுக்கு ஏறியது.
என் கை இருக்கைக் கம்பியில்
அழுத்த எதையோ தேடியது.
காற்றுக்காகப் பொத்தான் போட்டார்.
பொத்தான் இருந்தது.